கீழ்வீட்டு வரன்

மாக்கிரட்டுக்கு மிருகங்களில் பெரிய பிரியம் ஒன்றும் இருந்ததில்லை. நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கத்துக்கு மாறி நடப்பாள். பூனை மயிர் சட்டையில் ஒட்டினால் மூன்று தரம் உதறுவாள். அப்படிப்பட்டவள் ஒரு மிருக வைத்தியசாலையில் துப்புரவு வேலைக்குப் போனதற்குக் காரணம், பதினொரு வருடம் அவள் சட்டைக் கொலர் தைத்த தொழிற்சாலையை 2003இல் இழுத்து மூடிவிட்டார்கள் என்பதுதான். காலை ஆறு மணிக்குப் போய்த் தரை துடைத்து, கூடு கழுவி, துவாய்களைத் தோய்த்துக் காயவைத்து, பகல் இரண்டு மணிக்கு மொன்றியலின் வில்லரேப் பகுதியிலுள்ள தன் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

வீடு என்றால் பாதி நிலத்துக்குக் கீழே போன ஒரு கீழ்வீடு. இரண்டு அறை, ஒரு குசினி. யன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துத் தெரியும். மேலே வீட்டுக்காரர் ஞானேந்திரனும் மனைவி தவமணியும் மகள் கோபிகாவும் இருந்தார்கள். தமையனோடு இருக்கவென்று 1992இல் மொன்றியலுக்கு வந்தவள் மாக்கிரட். அடுத்த வருடமே தமையன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ரொறொன்ரோவுக்குப் போனான். அங்கே மாரடைப்பு வந்து செத்தும் போனான். அண்ணி கொஞ்சக் காலம் போன் எடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஆகவே, மாக்கிரட்டுக்கு இந்த ஊரில் ஆக்கள் என்று இருந்தது அந்த மேல்வீடுதான்.

அப்படித்தான் அவள் நடந்தும் கொண்டாள். கோபிகாவுக்கு நாலு வயதாக இருந்தபோது கார்டரிக்கு, அந்தப் பிள்ளைகள் காப்பகத்துக்கு, போய்க் கூட்டிக்கொண்டு வந்து, தாயும் தகப்பனும் வேலையால் வரும் வரைக்கும் வைத்துப் பார்த்தாள். தவமணிக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆறு கிழமை மேலே சமைத்துக் கொடுத்தாள். பதிலுக்கு அவளுடைய குழாய் ஒழுகினால் ஞானேந்திரன் வருவார். பிரெஞ்சில் வரும் கடிதங்களைக் கோபிகா வாசித்துச் சொல்லுவாள். மின்சாரக் கடிதமோ ஆஸ்பத்திரிக் கடிதமோ, உறையைக் கிழிக்காமலே மாக்கிரட் படியேறிக் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பாள்.

2005ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஒரு காலை, வைத்தியசாலையின் பின்கதவடியில் ஒரு மட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே குழந்தைப் போர்வை ஒன்றில் சுற்றியபடி ஒரு உடும்பு. மூக்கிலிருந்து வால்நுனி வரை இரண்டரை அடி வரும். ஆபிரிக்கச் சாதி என்று பிறகு சொன்னார்கள். சின்னக் கண்ணாடித் தொட்டிக்குள் நெடுநாள் அடைத்து வைத்திருக்கிறார்கள் போல. வெளியே வரப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடியில் தேய்த்ததில் மூக்கு நுனி புண்ணாகிக் கிடந்தது. பெட்டியில் இருந்த துண்டில், இது வரான், இனி எங்களால் பார்க்க முடியாது என்று பிரெஞ்சில் ஒரு வரி. பிரெஞ்சில் உடும்புக்கு வரான் என்றுதான் பெயர், கடைசி எழுத்தை மூக்கால் சொல்ல வேண்டும். மாக்கிரட்டின் காதில் அது வரன் என்றே விழுந்தது. அதற்குப் பிறகு அதற்கு அந்தப் பெயர்தான்.

மருந்து போட்டு ஒரு கூட்டில் விட்டார்கள். அது துவாயின் ஒரு மூலைக்குள் தலையை மட்டும் செருகிக்கொண்டு, முழு உடம்பும் வெளியே தெரிய, மூன்று நாள் அசையாமல் கிடந்தது. தலையை மறைத்தால் ஆளையே காணாது என்று நினைத்துக்கொண்டது போல. முதல் நாள் மாக்கிரட் அதைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாம் நாள் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் கூட்டைக் கழுவ வேண்டிய முறை வந்தபோது, கழுவாமல் விட்டுவிட்டு வைத்தியர் பிரியம்வதாவிடம் போய், இதை இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

பிரியம்வதா சென்னைக்காரி. மொன்றியலுக்கு வந்து இருபது வருடம், குடும்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில். அந்த வைத்தியசாலையில் மாக்கிரட் தமிழ் கதைக்கக்கூடிய ஒரே ஆள். எடுக்க ஒருவரும் வராவிட்டால் ஊசி போட்டு முடிக்க வேண்டியதுதான் என்றாள் அவள்.

"நான் எடுக்கிறன்," என்றாள் மாக்கிரட்.

பிரியம்வதா உடனே சரி என்று சொல்லவில்லை. உட்காரவைத்து விளக்கினாள். "இது ரொம்ப பயந்த ஜீவன், மாக்கிரட். கண்ணாடித் தொட்டி வேண்டவே வேண்டாம். நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரிஞ்சா இதுக்கு நிம்மதியே இருக்காது. மேல இருந்து கைய நீட்டாதீங்க. மேல இருந்து எது வந்தாலும் அதுக்குப் பருந்துதான். நல்லாத் தோண்டி ஒளிஞ்சுக்க மண்ணு இருக்கணும். ஒளிய இடம் இருந்தாத்தான் அது வெளியவே வரும்."

பிறகு ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் படம் கீறிக் கொடுத்தாள். எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். அதில் பாதி உயரத்துக்கு மண். மூன்று பக்கம் மரம், முன்பக்கம் மட்டும் கண்ணாடி. ஒரு தலைப்பில் கை வைக்க முடியாத சூடு, மறு தலைப்பில் குளிர்ச்சி. இரண்டுக்கும் நடுவில் அது தன் பாட்டில் போய்வர வேண்டும்.

அந்தக் கடதாசியை மாக்கிரட் நேராக மேல்வீட்டுக்குத்தான் கொண்டுபோனாள். அனுமதி கேட்கத்தான் போனாள். உங்கள் வீடு, உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் வேண்டாம் என்றும் சொன்னாள். ஞானேந்திரன் ஒரு சமையலறை அலுமாரிப் பட்டறையில் தச்சர். வருடக்கணக்காக ஒரே அளவுப் பெட்டிகளைச் செய்து செய்து அலுத்துப்போன மனிதர். கடதாசியை மேசையில் விரித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் ஒன்று வேணும் என்று கீறத் தொடங்கினார். அவரிடமிருந்து வந்த சம்மதம் அதுதான்.

"மண் பாரத்தை யோசிக்காதையும் பிள்ளை," என்றார். "கீழ கொங்கிறீற் நிலம். யானையைக் கொண்டந்து வைச்சாலும் தாங்கும்."

நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தார்கள். அவர் அறுத்தார், அவள் பிடித்தாள். பலகைக்கு உள்ளேயும் வெளியேயும் மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து, அடியில் தோட்டக் குளங்களுக்கு விரிக்கும் தடித்த றப்பர் விரிப்பை மடித்துப் பொருத்தினார், ஈரம் ஒரு சொட்டுக்கூட வெளியே வராதபடி. மூடி மேலே வைக்காமல் கதவை முன்னால் வைத்தார். உள்ளே கை போடாமலே தண்ணீர் வைக்கவென்று லாச்சி போல இழுக்கும் தட்டு ஒன்றையும் தானாகவே யோசித்துச் செய்தார். கடைசி ஞாயிறு, எல்லாம் முடிந்த பிறகும், அரைமணி நேரம் உள்விளிம்புகளை அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். இது ஏன் அண்ணை என்று அவள் கேட்க, மூக்குப் புண் எண்டு சொன்னீர், திரும்ப உரசினாலும் நோகக்கூடாது என்றார்.

மண் கொண்டுவந்தது தனிக் கூத்து. அவருடைய வானில் நாலு தரம் போய், பின் ஒழுங்கையில் மூட்டைகளை இறக்கி, ஒவ்வொன்றாகக் காவினார்கள். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல். ஈரமாக்கிக் கையில் பொத்திப் பிடித்தால் உதிராமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தோண்டுகிற வளை இடிந்து விழும். எதிர்வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வீட்டுக்குள்ளே தோட்டம் போடப் போறீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். ஞானேந்திரன் ஓம் என்று தலையாட்டினார். ஒரு முனையில் தட்டைக் கற்களை அடுக்கி, மேலே மூன்று பல்ப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டதோடு வீடு முடிந்தது.

நவம்பர் கடைசியில் வரனைக் கொண்டுவந்து விட்டார்கள். அது சுற்றும்முற்றும் பார்க்கவில்லை. குளிர்ந்த மூலைக்கு ஓடி, முன்னங்கால் இரண்டாலும் மண்ணைப் பறித்து, ஒரு மணி நேரத்துக்குள் வால்நுனியும் உள்ளே போய்விட்டது.

பிறகு பதினொரு கிழமை அதைக் காணவே இல்லை.

உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளங்கள் மட்டும் இருந்தன. விட்ட வெட்டுக்கிளிகள் காணாமற் போகும். தண்ணீர்த் தட்டில் சேறு கலங்கியிருக்கும். மண்ணில் நகக் கீறல், நடுவில் வால் இழுபட்ட கோடு. பிரியம்வதா பொறுங்கள், தோண்டிப் பார்க்கவே கூடாது என்று சொல்லியிருந்தாள். மாக்கிரட் வேலையால் வந்து, தேத்தண்ணீரோடு அந்தக் கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவாள். தான் ஒரு கதிரை மாதிரி, மேசை மாதிரி அதற்குப் பழகிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். சனி ஞாயிறுகளில் ஞானேந்திரன் படியிறங்கி வருவார். வெளிய வந்ததோ என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். இல்லை என்றால், அவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளைப் போலவே முதுகைக் காட்டியபடி உட்காருவார். இரண்டு பேரும் வாய் திறக்காமல் இருந்த மணித்தியாலங்களைச் சேர்த்தால் நாட்கணக்கில் வரும்.

அடுத்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பின்னால் மண் சரியும் சத்தம் கேட்டது. அன்றைக்கு வெளியே குளிர் சிலைபோல நின்றது. யன்னல் கண்ணாடியில் கூடு தெரிந்தது. அந்தப் பிம்பத்தில்தான் பார்த்தார்கள். முதலில் தலை. நெடுநேரம் தலை மட்டும். நாக்கு நீண்டு போய் வந்தது. பிறகு ஒரு கால், மற்றக் கால். மெல்ல நடந்து கல் அடுக்கில் ஏறி, பல்ப்புகளுக்குக் கீழே வயிற்றைப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு படுத்தது. ஞானேந்திரனுக்குக் கால் விறைத்துவிட்டது, அவர் அசையவில்லை. மாக்கிரட்டின் கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. இருபது நிமிடம். அது திரும்பிப் போன பிறகு அவர் மூச்சை விட்டு, "மூக்கு ஆறியிட்டுது, பார்த்தனீரே," என்றார்.

அதற்குப் பிறகு வரன் நாளுக்கு ஒரு தரம் வந்தது, பிறகு இரண்டு தரம். கதவு திறக்கும் சத்தத்துக்கு ஓடுவது நின்றது. ஒரு வருடம் போக, மாக்கிரட் லாச்சியை இழுக்கும்போது எட்டி நின்று பார்க்கும் அளவுக்கு வந்தது. அவள் அதைத் தொட்டதே இல்லை. தொடவும் விரும்பவில்லை. தவமணிக்கு இதெல்லாம் பெரிய பகிடி. கோயிலிலும் கடையிலும் காண்கிறவர்களிடம், எங்கட மாக்கிரட்டுக்குக் கடைசியில வரன் சரிவந்திட்டுது, ஆனால் வெளியில தலைகாட்ட வெக்கமாம் என்று சொல்லிச் சிரிப்பாள். மாக்கிரட்டும் கூடச் சிரிப்பாள். நாற்பத்தெட்டு வயதில் அந்தப் பகிடி அவளுக்கு நோகவில்லை. எங்கட மாக்கிரட் என்ற சொல் இனித்தது.

2007 ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை தபால்காரன் மணியடித்து, ஒரு பதிவுக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினான். உறை தடிப்பாக இருந்தது. மாக்கிரட் வழமைபோலக் கிழிக்காமல் மேலே கொண்டுபோனாள். தாயும் தகப்பனும் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். கோபிகாவுக்கு அப்போது பதினெட்டு வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்ததும் அவள் கை பின்னுக்குப் போனது.

"இதை அப்பாவிட்டக் கேளுங்கோ, அன்ரி."

அப்பாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதே, நீ வாசி என்றாள் மாக்கிரட். கோபிகா கிழித்தாள். வாசித்தாள். முதலில் பிரெஞ்சில் வாசித்துக்கொண்டே போனாள், மாக்கிரட் தமிழில் சொல் என்ற பிறகுதான் நிறுத்தினாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல், குத்தகைப் பத்திரத்தில் விலங்குகள் கூடாது என்று எழுதியிருந்தும், குடியிருப்பவர் ஆபத்தான ஊர்வன ஒன்றை வைத்திருக்கிறார். அதன் ஈரத்தால் கட்டடத்தின் சுவர் பழுதாகிறது. பத்து நாளுக்குள் அகற்றாவிட்டால் வாடகை மன்றத்துக்குப் போகப்படும். கீழே ஞானேந்திரனின் கையெழுத்து.

பதினாலு வருடத்துக்கு முன்னர் கையெழுத்து வைத்த அந்த அச்சுப் பத்திரத்தை மாக்கிரட் ஒரு நாளும் வாசித்ததில்லை. டெப்பனரில், மூலைக்கடையில், வாங்கின படிவம், எல்லாருக்கும் போடுறதுதான் என்று சொல்லி அவர் நீட்டினார், அவள் வைத்தாள். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரே கட்டடத்தின் மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு வரவேண்டிய ஒரு கடிதம், தபாற்கந்தோர் வரை போய், முத்திரை குத்துப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அதைத்தான் அவளால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

"இவ்வளவு பிரெஞ்சு அண்ணைக்கு ஆர் எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாள்.

கோபிகா கடதாசியை மடித்தாள், விரித்தாள். "நான்தான், அன்ரி. அப்பா சொன்னார், நான் ரைப் பண்ணினனான்." பிறகு ஏதோ பிரெஞ்சில் சொன்னாள். மன்னிப்பாக இருக்கும். மாக்கிரட் கடதாசியை வாங்கிக்கொண்டு இறங்கினாள். பதினெட்டுப் படி. அந்தப் படிகளில் எத்தனையோ தரம் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள்.

மறுநாள் காலை ஞானேந்திரன் முன்வாசலில் கைப்பிடிக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தூரிகையைத் தகரத்துக்குள் போட்டார். முதலில், அது சும்மா பேப்பருக்கு எழுதினது, மன்றத்துக்கெண்டால் அப்பிடித்தான் எழுத வேணும் என்றார். பிறகு விஷயம் வந்தது. தவமணியின் தம்பி, பெண்சாதி, மூன்று பிள்ளைகள், தமிழ்நாட்டு முகாமில் பதினைந்து வருடமாக இருக்கிறவர்கள், அவர்களுக்கு விசா சரிவரும் போல இருக்கிறது. வந்தால் இருக்க இடம் வேண்டும். மைத்துனனுக்கென்று குடியிருப்பவரை எழுப்பச் சட்டத்தில் இடமில்லையாம், ஆரோ விசாரித்துச் சொன்னார்களாம். உடும்பை வைத்து எழுப்பலாம்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே அண்ணை," என்றாள் மாக்கிரட். "கேட்டிருந்தா நான் எழும்பிப் போயிருப்பன்."

அவர் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீர் எங்களுக்குச் செய்ததுக்கு, எழும்பு எண்டு எந்த வாயால கேக்கிறது? வெக்கமா இருந்தது, பிள்ளை."

அவள் காத்திருந்தாள். அப்படிச் சொன்ன மனிதர் அடுத்ததாக, சரி அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடும் என்று சொல்லுவார் என்று நினைத்தாள். அவர் தூரிகையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினார்.

அன்றைக்கே அவள் வேறு வீடு தேடியிருக்கலாம். பிரியம்வதா அதைத்தான் சொன்னாள். மாக்கிரட்டுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வீட்டை விடுவது பெரிதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறதே, அதை அவர் தன் வாயால் அவளுடைய முகத்துக்கு முன்னால் சொல்ல மாட்டார் என்று நம்பினாள். கடதாசியில் யாரும் எதையும் எழுதலாம், ஆளுக்கு முன்னால் வரும்போது பொய்க்கு நாக்கு வளையாது. சாட்சி சொல்ல வருகிறேன் என்ற பிரியம்வதாவையும் வேண்டாம் என்று தடுத்தாள். அண்ணை பொய் சொல்ல மாட்டார், டொக்டர் என்றாள்.

பத்து நாள் கழிய அவர் மன்றத்துக்குப் போனார். விசாரணை 2008 பெப்ரவரியில் நடந்தது. சின்ன அறை, நீள மேசை, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் உறுப்பினர். மொழிபெயர்க்க ஒரு தமிழர் இருந்தார். ஞானேந்திரன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பின்வரிசையில் தவமணியும் கோபிகாவும். அவர் முதலில் சுவரில் பூஞ்சணம் பிடித்த படங்களைக் கொடுத்தார். மாக்கிரட்டுக்கு அந்தச் சுவரைத் தெரியும். அது குளியலறைப் பக்கம், கூடு இருந்த அறையே இல்லை. அவள் வரும்போதே அங்கே அப்படித்தான் இருந்தது. அதை அவள் சொன்னாள். உறுப்பினர் குறித்துக்கொண்டார். பிறகு, விலங்கு இருப்பது எப்போது தெரியவந்தது என்று அவரைக் கேட்டார்.

போன ஓகஸ்டில் குழாய் திருத்தப் போனபோதுதான் கண்டேன் என்றார் ஞானேந்திரன். நாக்கு நன்றாகவே வளைந்தது.

உறுப்பினர் கூட்டின் படத்தைத் தூக்கிப் பார்த்தார். இவ்வளவு பெரிய பெட்டி, இவ்வளவு மண், ஒரு பெண் தனியாகச் செய்திருக்க முடியாதே, யார் செய்தது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் வரைக்கும் ஞானேந்திரன் பொறுத்திருந்தார்.

"எனக்கெண்டால் தெரியாது. அவவின்ர ஆக்கள் ஆரும் செய்து குடுத்திருப்பினம்."

பொய் சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும். அவவின்ர ஆக்கள் என்றாரே, அந்தச் சொல்தான் மாக்கிரட்டைச் சுட்டது. அவளுக்கு ஆக்கள் யாருமில்லை என்பது இந்த நாட்டில் ஒருவருக்கு நிச்சயமாகத் தெரியுமென்றால் அது அவருக்குத்தான். தமையன் செத்த செய்தியைப் போனில் கேட்டு, படியிறங்கி வந்து அவளுக்குச் சொன்னவரே அவர்தான்.

அவளுடைய முறை வந்தது. செய்தது இவர்தான் என்றாள். ஆதாரம் ஏதும் உண்டா, யாராவது பார்த்தார்களா என்று கேட்டார் உறுப்பினர். மாக்கிரட் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். தவமணி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரில் இல்லாத எதையோ பார்ப்பது போல. கோபிகா குனிந்து தன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். மண் காவின மூன்று நாளும் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். பெயரைச் சொன்னால் கூப்பிடுவார்கள். தகப்பனுக்கு முன்னால் அந்தப் பிள்ளை ஒன்றில் பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உண்மை சொல்ல வேண்டும்.

"ஒருத்தரும் இல்லை," என்றாள் மாக்கிரட்.

தீர்ப்பு ஏப்ரலில் தபாலில் வந்தது. பத்திரத்தில் எழுதியது செல்லும், யூன் முடிவதற்குள் விலங்கை அகற்ற வேண்டும். இந்த முறை கடிதத்தைப் பிரியம்வதாதான் வாசித்துச் சொன்னாள். விலங்கை எடுத்துவிட்டால் மாக்கிரட் தொடர்ந்து அங்கேயே இருக்கலாம், வீட்டை விட்டு எழுப்ப முடியாது என்றும் விளக்கினாள். மேல்வீட்டாருக்கும் அது அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை தவமணி ஒரு கோப்பை நிறைய ஆட்டிறைச்சிக் கறி கொண்டுவந்து, கதவைத் தட்டிவிட்டு, வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மாக்கிரட் வாழ்க்கையில் சாப்பாட்டைக் கொட்டியதில்லை. அன்றைக்குக் கொட்டினாள். கோப்பையைக் கழுவிப் படியில் வைத்தாள்.

அங்கே இருக்க அவளுக்கு மனமில்லை. தலைக்கு மேலே அந்த ஆட்கள் நடக்கிற சத்தத்தை இனிக் கேட்க முடியாது என்று பிரியம்வதாவிடம் சொன்னாள். வில்லரேயிலேயே, வடக்கே எட்டுத் தெரு தள்ளி, தனியாக இருக்கும் ஒரு பிரெஞ்சுக் கிழவியின் கீழ்வீடு கிடைத்தது. அந்த மனுசி உடும்பு என்றதும் சிரித்து, என் புருசன் இருந்த வீட்டில் உடும்பு இருந்தால் என்ன என்றாள். மாக்கிரட் சிரிக்கவில்லை. பத்திரத்தில் கையால் எழுதித் தரச் சொல்லி, இன்ன விலங்கு, இன்ன அளவுக் கூடு, இவ்வளவு மண் என்று வரிவரியாக எழுதுவித்து, இருவரும் கையெழுத்து வைத்த பிறகுதான் திறப்பை வாங்கினாள்.

கூட்டை அதே நிலையில் வெளியே எடுக்க முடியாது, உள்ளே வைத்துக் கட்டினது. யூன் முழுவதும் வேலையால் வந்து, வரன் ஒளிந்திருந்த மூலையைக் கடைசிக்கு விட்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினாள். மண்ணை வாளிவாளியாக ஒழுங்கைக்குக் கொண்டுபோக, எதிர்வீட்டுக் கிழவரும் மற்றவர்களும் தங்கள் தோட்டங்களுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். பலகைகளை அங்கேயே விட்டுவிட்டுப் போகத்தான் அவள் நினைத்தாள். அந்தக் கையால் அறுத்த பலகை தன் புதுவீட்டுக்குள் வரக்கூடாது என்று இருந்தது. பிரியம்வதா விடவில்லை. புது இடத்தில் பழைய வாசனை இருந்தால்தான் அதுக்குப் பயம் தெளியும், உங்க கோபத்துக்கு அது என்ன பண்ணும் என்று கேட்டாள். ஆகவே பலகை முழுவதும் வந்தது. ஊரே வீடு மாறும் யூலை முதலாம் திகதி, கட்டில்களும் குளிர்சாதனப் பெட்டிகளும் தெருவெல்லாம் நிற்க, வரன் ஒரு துணிப்பைக்குள் இருட்டில் மாக்கிரட்டின் மடியில் எட்டுத் தெரு தாண்டிப் போனது. புறப்படும்போது பழைய வீட்டு முன்வாசலில் கோபிகா ஒரு பெட்டியைத் தூக்கவா என்பதுபோல நின்றாள். மாக்கிரட் தூக்கச் சொல்லவில்லை.

புது இடத்தில் கூட்டை அவளே திருகாணி போட்டுப் பூட்டினாள். பலகைகள் ஒரு மயிரிழை விலகாமல் பொருந்தின. உள்விளிம்பில் கையை ஓட்டினால் ஒரு சிராய் இல்லை. சுத்தமான வேலை. நாளாந்தம் லாச்சியை இழுக்கும்போதெல்லாம் அவளுக்கு அதுதான் பெரிய கரைச்சலாக இருந்தது. கள்ள வேலையாக இருந்திருந்தால் மனிதரை முழுதாகவே கள்ளனென்று ஒதுக்கி வைத்திருக்கலாம். வரன் ஒன்பது கிழமை வெளியே வரவில்லை. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தாள். செப்ரெம்பரில் வந்தது.

அதற்குப் பிறகு மாக்கிரட் யாருடைய வாய்ச்சொல்லையும் எடுக்கவில்லை. விடுமுறை தருகிறேன் என்று பிரியம்வதா சொன்னால், எழுதித் தாங்கோ டொக்டர் என்பாள். பிரியம்வதாவுக்கு முதலில் மனம் நொந்தது, பிறகு பழகிவிட்டது. கோயில் பக்கம், தமிழ்க் கடைப் பக்கம் போவதையும் குறைத்தாள். அங்கே தவமணி பரப்பிய கதை வேறு மாதிரி இருந்தது. இடம் கொடுத்த வீட்டுக்காரரையே மன்றத்துக்கு இழுத்தவளாம்.

2009 இலையுதிர் காலத்தில், தொழிற்சாலைக் காலத்துச் சிநேகிதி ஒருத்தியின் செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. மண்டப வாசலில் ஞானேந்திரன் நின்றார். மயிர் முழுக்க நரைத்திருந்தது. விலகிப் போக வழி இருக்கவில்லை. நேற்றுத்தான் கண்டு கதைத்தவர் போல அவர் கிட்ட வந்தார்.

"சுகமா இருக்கிறீரே, பிள்ளை? வரன் இருக்குதோ?"

இருக்குது என்றாள்.

மைத்துனன் வரவில்லை என்றார் அவர். விசாவை மறுத்துவிட்டார்களாம். கீழ்வீட்டுக்கு இடையில் இரண்டு பெடியங்கள் வந்து, சுவரெல்லாம் பழுதாக்கிப் போட்டுப் போய்விட்டார்களாம். இப்போது வெறுமையாகத்தான் கிடக்கிறது. பிறகு கொஞ்சம் குனிந்து, அந்தப் பழைய தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீர் திரும்பி வாறதெண்டா வாரும். தவமும் ஒண்டும் சொல்ல மாட்டா. கூட்டை நான் வந்து பூட்டித் தாறன்."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். நடந்தது எதுவும் நடந்ததாக அவருடைய கணக்கில் இல்லை. இரண்டு வருடமாக மாக்கிரட் இந்த மனிதருக்குச் சொல்லவென்று மனதுக்குள் எத்தனையோ பேச்சுகளைச் சேர்த்து வைத்திருந்தாள், பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் போகும்போதும். 

"நான் போட்டு வாறன், அண்ணை," என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து, கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றபோதுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அண்ணை என்று விட்டாள். இவ்வளவுக்கும் பிறகு அந்தச் சொல் தன் பாட்டில் வாயில் வந்திருக்கிறது. அவர் மன்றத்தில் சொன்ன பொய்யைவிட, அந்தக் கடிதத்தைவிட, தன் சொந்த வாய் தனக்குச் செய்த இந்தக் காரியம் அவளை நெடுநேரம் எரித்தது. பஸ் வந்தது. ஏறி யன்னலோரம் உட்கார்ந்து, ஞானேந்திரன், ஞானேந்திரன் என்று வெறும் பெயரை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பழக்கமில்லாத பெயராக இருந்தது. வீடு வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.